மாற்று விலையும் மாறாக் கூலியும்

2022ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களில் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு ஓயாது நடந்துகொண்டிருந்தது. “நம் ஓர் உருபாவுக்கு இலங்கைப் பணம் ஏறக்குறைய ஐந்து கிடைக்கிறதாம்” என்றார் ஒருவர். “அவர்கள் பணம் இனி வெறுந்தாள்தான்” என்றார் இன்னொருவர். அப்பேச்சில் இரக்கம் இருந்தது. ஆயினும் இரக்கத்தைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது. அண்டை வீட்டுக் கூரை சரியும்பொழுது தன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து மகிழ்வார் போன்ற பெருமிதம் அது. நானும் அங்கே ஒரு தேநீர்க் குவளையோடு நின்றிருந்தேன். தேயிலை என்ற சொல்லுக்கும், இலங்கை உருபா என்ற சொல்லுக்கும், நம் பெரம்பலூர் அரியலூர் மண்ணுக்கும் உள்ள உறவை அங்கிருந்தோர் எவரும் எண்ணினாரில்லை. அவ்வுறவை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

1981ஆம் ஆண்டு, நான் ஆறாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டங்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிய மாணாக்கன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். ஒருநாள் அவன் பள்ளிக்கு எதிரில் இருந்த பெட்டிக்கடையில் ஓர் இலங்கை உருபாக் காசை நீட்டி மிட்டாய் கேட்டான். கடைக்காரர் காசைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது இங்கே செல்லாது தம்பி” என்று திருப்பித் தந்தார். அவன் விடவில்லை. “இதில தமிழ் இருக்கே அண்ணே, ஏன் செல்லாது?” என்று கேட்டான். கடைக்காரரிடம் விடையில்லை. நாங்கள் அக்காசை வாங்கிப் பார்த்தோம். இலங்கை என்று தமிழில் பொறித்திருந்தது. எங்கள் சட்டைப் பையிலிருந்த காசுகளில் இந்தியும் ஆங்கிலமும் இருந்தன; தமிழ் இல்லை. தமிழ் பொறித்த காசு தமிழ்நாட்டில் செல்லவில்லை. தமிழ் பொறிக்காத காசே சென்றது. அன்று சிறுவனாய் வியந்தேன். ஆசிரியனாகி முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வியப்பு நீங்கவில்லை. ஆயினும் அவன் கேள்வியின் உட்பொருள் எழுத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவன் பெற்றோர் தம் வாழ்நாள் உழைப்பை எல்லாம் அவ்வுருபாவிலேயே சேர்த்து வைத்திருந்தனர். அவ்வுழைப்பு இங்கே என்ன விலைக்குச் சென்றது என்பதே அவன் அறியாமல் கேட்ட கேள்வி.

ஈழத்துக் காசுக்கும் நம் நாட்டுக் காசுக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈழத்தை வென்றான். அவன் காலத்துக்கு முன்பிருந்தே சோழர் கல்வெட்டுகளில் ‘ஈழக்காசு’ என்னும் பெயர் வழங்குகின்றது. சோழர் ஆட்சி அங்கு நீங்கிய பின்னரும் சிங்கள மன்னர்கள் சோழக் காசின் அமைப்பைத் தழுவியே தம் காசுகளை அடித்தனர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளோ ‘சேது’ என்று தமிழில் பொறித்துக் காசு வெளியிட்டனர். கடல் நடுவே இருந்தும் காசு இரு கரைக்கும் பொதுவாய் உலவிய காலம் அது.

வெள்ளையர் ஆட்சியிலும் அப்பொதுமை தொடர்ந்தது. ஆனால் அதன் கரணியம் வேறு. 1836ஆம் ஆண்டில் இந்திய வெள்ளி உருபா, இரண்டு சில்லிங் மதிப்பில் இலங்கையில் செல்லும் காசாக்கப்பட்டது. 1869இல் அது வரம்பின்றிச் செல்லும் பணமாயிற்று. 1872 சனவரி 1 முதல் இலங்கை தன் கணக்கு முழுவதையும் உருபாவிலும், உருபாவை நூறாகப் பகுத்த சதத்திலும் வைத்துக்கொண்டது. பவுனையும் சில்லிங்கையும் தம் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலர், இலங்கையில் உருபாவுக்கு ஏன் இறங்கினர்? நம் மேல் கொண்ட அன்பாலா? அன்று. இரண்டு கரணியங்கள் இருந்தன. ஒன்று, காப்பித் தோட்டங்களில் உழைத்தவர் தமிழ்நாட்டினர். அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லக்கூடிய வெள்ளி உருபாவையே கூலியாக விரும்பினர். மற்றொன்று, அவர்கள் உண்ட அரிசி பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் பருமாவிலிருந்தும் வந்தது. அதற்கு விலை உருபாவில் கொடுக்கவேண்டியிருந்தது. ஆக, இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றாய் இருந்ததற்கு அடித்தளம் அரசர் ஆணையன்று. தமிழ் உழைப்பாளியின் கூலியும் சோறுமே என்க.

அவ்வுழைப்பாளிகளில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர் என்பதை நம் இளையோர் அறிதல் வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரில் மிகுதியானவர்கள் அன்றைய திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுர மாவட்டங்களையும் புதுக்கோட்டையையும் சேர்ந்தவர்கள். ஆள் திரட்டும் பொருட்டுத் தோட்ட முதலாளிகள் 1904இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமையிடமே திருச்சிராப்பள்ளியில்தான் இருந்தது. மழையை நம்பி விதைக்கும் கரிசல் மண்ணில், வானம் பொய்த்தால் வயிறு பொய்க்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாநிலத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் கடல் கடந்தோர் கூட்டம் பெருகிற்று. கங்காணியிடம் பெற்ற முன்பணம் காலில் விலங்காக, மன்னார்க் காட்டுவழியே மலைக்கு நடந்தவர்களின் எலும்புகள் அவ்வழி நெடுகக் கிடந்தன.

இனி, மாற்று விலை என்னும் சூழ்ச்சியின் முதற் பாடத்தைக் காண்போம். 1873ஐ ஒட்டி உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரியத் தொடங்கிற்று. இங்கிலாந்து பொன்னை அடிப்படையாகக் கொண்டது, உருபா வெள்ளியாலானது. எனவே உருபாவின் பொன்மதிப்பு ஆண்டுதோறும் குறைந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 23 பென்சு பெற்ற உருபா, 1894இல் 13 பென்சு அளவுக்கு வீழ்ந்தது. இதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? இலண்டனில் ஒரு பவுனுக்குக் காப்பியோ தேயிலையோ விற்ற தோட்டக்காரர்க்கு முன்னர்ப் பத்து உருபாவுக்குச் சற்று மேல் கிடைத்தது; பின்னர்ப் பதினெட்டு உருபா கிடைத்தது. கூலியோ உருபாவிலும் சதத்திலும் பெரும்பாலும் அசையாது நின்றது. விற்பனை பொன்னில், கூலி வெள்ளியில். இடையிலிருந்த வேறுபாடு முழுவதும் எவர் பைக்குப் போயிற்று என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1893இல் இந்திய அரசு வெள்ளியை வரம்பின்றிக் காசாக அடிப்பதை நிறுத்தி, 1899இல் உருபாவை 16 பென்சில் நிலைநிறுத்திய பின்னரே அச்சரிவு நின்றது. கூலியைக் குறைக்கிறோம் என்று எவரும் முரசறைந்து சொல்லவில்லை. சொல்லாமலே கூலி குறைந்தது. மாற்று விலையின் கமுக்கம் இதுவே.

1884இல் இன்னொரு நிகழ்ச்சி. இலங்கையில் தாட்பணம் வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. காப்பிச் செடியை இலைநோய் தின்றுவிட்டதும் அதற்கொரு கரணியம். அதன்பின் அரசே பணத்தாள் வெளியிடும் பொறுப்பை ஏற்றது. பெயர் இலங்கை உருபா எனினும், அது இந்திய உருபாவோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டே இருந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே முதன்முறையாகத் தோட்டக் கூலிக்குக் கீழ்வரம்பு வகுக்கப்பட்டபொழுது, மலைநாட்டில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்டிர்க்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். நம் பக்கத்து அணாக் கணக்கில் ஆடவர் கூலி எட்டரை அணாவை ஒட்டியது. அக்கூலியில் மிச்சம் பிடித்து அஞ்சல் வழியே ஊருக்கு அனுப்பினால், அங்கே ஓர் உருபா இங்கேயும் ஓர் உருபாவே. மாற்று விலை என்ற சொல்லே நம் பாட்டன்மார் காதில் விழுந்ததில்லை.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது; அதே ஆண்டில் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1950 ஆகத்து 28ஆம் நாள் இலங்கையின் நடுவண் வங்கி தொடங்கப்பெற்றது. இந்திய உருபாவோடு இருந்த சட்டப் பிணைப்பு அத்துடன் அறுந்தது. ஆயினும் மதிப்பில் வேறுபாடில்லை. 1949 செப்டம்பரில் பவுனோடு சேர்ந்து இருநாடும் தம் பணமதிப்பைக் குறைத்துக்கொண்டமையால், அமெரிக்கத் தாலர் ஒன்றுக்கு இங்கும் 4.76 உருபா, அங்கும் 4.76 உருபா. மனிதரைப் பிரித்த பின்னும் பணம் மட்டும் பதினாறு ஆண்டுகள் பிரியாதிருந்தது!

இந்நிலையில் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ சாத்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். எஞ்சியோரையும் 1974இல் ஆளுக்குப் பாதியாய்ப் பகுத்துக்கொண்டனர். மாந்தரைத் தலையெண்ணிப் பங்கிட்ட அக்கொடுமையைப் பற்றி நம்மனோர் நிரம்ப எழுதியுள்ளனர். அவ்வுடன்படிக்கையில் இருந்த பணக் கூறு பற்றி எழுதினோர் குறைவு. திரும்புவோர் தம் சேமவைப்பு, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை எடுத்துவர இசைவளிக்கப்பட்டது. ஒரு குடும்பம் எடுத்துவரக்கூடிய தொகையின் மேல்வரம்பு 4,000 உருபாவுக்குக் கீழே இறக்கப்படாது என்றும் எழுதப்பட்டது. அந்த 4,000 எந்த நாட்டு உருபா என்ற கேள்வி அன்று எழவில்லை. எழ வேண்டிய தேவையுமில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

நான் தமிழாசிரியன், கணக்காசிரியன் அல்லேன். ஆயினும் ஆறாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும். அன்பர்கள் தாமும் போட்டுப் பார்க்கலாம். அந்த நாலாயிரத்தை அளவுகோலாகக் கொண்டு, அரசுகள் அறிவித்த தாலர் விலையின்படி அதன் இந்திய மதிப்பைக் காண்போம்.

1964இல் நாலாயிரம் இலங்கை உருபா நாலாயிரம் இந்திய உருபா. 1966 சூன் 6ஆம் நாள் இந்திய அரசு தன் பணமதிப்பைக் குறைத்தது, தாலர் 4.76இலிருந்து 7.50 ஆயிற்று. இலங்கை குறைக்கவில்லை. ஒரே இரவில் இலங்கையின் நூறு உருபா, நம் 157 உருபா 50 காசுக்கு ஈடாயிற்று. நாலாயிரம் 6,300 ஆயிற்று. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுனின் மதிப்பைக் குறைக்கவே, இலங்கையும் தன் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. அங்கே தாலர் 5.95 உருபாவாயிற்று. நாலாயிரம் 5,040 ஆகச் சுருங்கிற்று. 1977 நவம்பரில், புதிதாய் ஆட்சியேறிய செயவர்த்தனா அரசு பணத்தை மிதக்கவிட்டது. அங்கே தாலர் 16 உருபாவை ஒட்டி நின்றது. இந்தியாவில் அப்பொழுது தாலர் ஒன்பது உருபாவுக்குள். நாலாயிரத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,200 உருபாவுக்கு இறங்கிற்று. அன்றுதான் முதன்முறையாக இந்திய உருபா இலங்கை உருபாவுக்கு மேலே ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

எண்ணிப் பாருங்கள். உடன்படிக்கை ஒன்று. உழைப்பு ஒன்று. கொழுந்து பறித்த விரல்களும் ஒருதன்மையவே. 1970இல் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம் ஐயாயிரம் கணக்கில் எண்ணும். 1978இல் ஏறிய குடும்பம் அதே எண் கொண்ட தாளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் எண்ணும். எவர் எப்பொழுது கப்பலேறுவது என்பதை உழைத்தவர் முடிவு செய்தாரில்லை. குடியுரிமைத் தாளும் கடவுச்சீட்டும் எப்பொழுது கிடைத்தனவோ அப்பொழுதே ஏறினர். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தவை அரசுகள். காத்திருந்தமைக்குத் தண்டம் கட்டியவர் தோட்டத் தொழிலாளர். இப்படி வந்து சேர்ந்தோர் நான்கு இலக்கத்துக்கும் மேற்பட்டவர். என் வகுப்புத் தோழனின் குடும்பம் அவர்களுள் ஒன்று.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. “1977க்குப் பின் இலங்கையில் கூலியும் ஓரளவு உயர்ந்ததன்றோ? பணமதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி பெருகும். ஏற்றுமதி பெருகினால் வேலை பெருகும். இது பொருளியல் அறிந்தோர் கூற்று” என்பர். அக்கூற்று முழுப்பொய் என்று நான் சொல்லேன். விற்கும் சரக்குக்கு விலை மிகும் என்பது உண்மையே. ஆனால் அவ்விலை கொழுந்து பறித்த கைவரை வந்து சேர்ந்ததா என்பதே வினா. 1968 முதல் 1977 வரை இலங்கையில் தாலருக்கு இரண்டு விலைகள் இருந்தன. இன்றியமையா இறக்குமதிக்குக் குறைந்த விலை. ஏனையவற்றுக்குச் சான்றிதழ் வாங்கிச் செலுத்தும் மிகுந்த விலை. ஏற்றுமதியிலும் இவ்வாறே. புதிய சரக்குகளை விற்றோர்க்கு மிகுந்த விலை. தேயிலை, இரப்பர், தேங்காய் ஆகிய பழைய சரக்குகளுக்குக் குறைந்த விலை. நாட்டுக்கு அயற்பணம் ஈட்டித் தந்ததில் முதலிடம் தேயிலைக்கு; தாலருக்கு உருபா கணக்கிடும்பொழுது கடையிடமும் தேயிலைக்கே! அத்தேயிலையைப் பறித்தவர்க்கு வாக்குரிமையும் இல்லை. கேட்க நாவும் இல்லை. 1974ஐ ஒட்டிய உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப் புறங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஆக, பணமதிப்பு விழுந்தபொழுது தொழிலாளி இழந்தான். விழாமல் பிடித்து நிறுத்தியபொழுதும் அவனே இழந்தான். விலை எத்திசையில் அசைந்தாலும் இழப்பு ஒரே வீட்டுக்குப் போகுமாயின், பிழை விலையில் இல்லை. பேரம் பேசும் உரிமை அவ்வீட்டுக்கு இல்லாமையில் இருக்கின்றது.

பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. 2021 மார்ச்சுத் திங்களில், நெடும்போராட்டத்துக்குப் பின், இலங்கைத் தோட்டத் தொழிலாளர்க்கு நாட்கூலி 1,000 உருபா என அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அன்றைய விலையில் அது நம் பணத்தில் ஏறத்தாழ 365 உருபா. 2022 மார்ச்சில் இலங்கை நடுவண் வங்கி தாலர் விலையைக் கட்டவிழ்த்தது. 200 உருபாவை ஒட்டியிருந்த தாலர் மே திங்களில் 360ஐ எட்டிற்று. ஏப்பிரல் 12ஆம் நாளே அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென இலங்கை அறிவித்துவிட்டது. அதே 1,000 உருபா நாட்கூலி இப்பொழுது நம் பணத்தில் ஏறத்தாழ 215 உருபா. அரிசியும் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் விண்ணேறின. தேயிலையோ தாலருக்கே விற்றது; விற்றவர்க்குத் தாலர் ஒன்றுக்குக் கிடைத்த உருபா ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1894இல் இலண்டனுக்கு விற்று வெள்ளியில் கூலி கொடுத்த கதையும், 2022இல் தாலருக்கு விற்று உருபாவில் கூலி கொடுத்த கதையும் ஒன்றா அன்றா? நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் மாறியது தோட்டத்துப் பெயர்ப்பலகையே.

2024 செப்டம்பரில் அக்கூலி 1,350 உருபாவாக உயர்த்தப்பட்டது. கேட்கப் பெரிதாய்த் தோன்றும். நம் பணத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 375 உருபா. அஃதாவது 2021இல் நின்ற இடத்துக்கே மூன்றரை ஆண்டு கழித்து அன்று வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பண்டங்களின் விலை ஏறியது ஏறியதே. ஏறிய விலை இறங்கவில்லை. இழந்த நாட்கூலியை எவரும் ஈடு செய்யவில்லை.

தேநீர்க் கடைப் பெருமிதத்துக்கு இப்பொழுது வருகின்றேன். ஓர் உருபாவுக்கு மூன்றா ஐந்தா என்பது நாட்டின் மானத்தை அளக்கும் கோலன்று. சப்பானியரின் ஓர் யென் நம் ஓர் உருபாவைவிடக் குறைந்த மதிப்புடையது. அதனால் சப்பானியர் நம்மினும் ஏழையராய்விட்டனரா? எண் பெரிதா சிறிதா என்பதில் பொருளில்லை. எண் மாறும்பொழுது இழப்பு யார் தலையில் விழுகின்றது என்பதிலேயே பொருள் உள்ளது. அன்றியும், பெருமிதம் கொள்ள நம் உருபாவுக்கு என்ன உயர்வு இருக்கின்றது? 1966இன் தொடக்கத்தில் 4.76 உருபாவுக்குக் கிடைத்த தாலர், 2024 திசம்பரில் 85 உருபாவைத் தாண்டிற்று. இலங்கையில் அதே 4.76 அத்திங்களில் ஏறத்தாழ 293 ஆயிற்று. இருவரும் ஒரே மலையிலிருந்து உருண்டவர்களே. ஒருவர் அடிவாரத்தில் கிடக்க, மற்றவர் பாதி வழியில் கிடந்து நகைப்பது அறிவுடைமையாகாது.

நம் ஊர்களுக்கே இதில் நேரடியான பாடம் ஒன்றுண்டு. இன்று பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலிருந்து இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். உருபாவின் மதிப்பு விழுந்தால் அவர் வீட்டில் மகிழ்ச்சி. அனுப்பும் பணம் மிகுதியாய் வருமன்றோ! ஆனால் அதே வீட்டார் வாங்கும் எரிநெய்யும் சமையல் எண்ணெயும் உரமும் அதே வீழ்ச்சியால் விலையேறுகின்றன என்பதை அவர் கணக்கில் எழுதுவதில்லை. அயலில் மகன் இல்லாத பக்கத்து வீட்டு உழவனோ, பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் உரம் வாங்குவோனாதலின் ஏற்றத்தை மட்டும் சுமக்கின்றான், வரவு அவனுக்கில்லை. ஆகவே தாலர் விலையை விளையாட்டு எண்ணிக்கைபோல் பார்த்து ஆர்ப்பரிப்பதை விடுத்து, அஃது எவ்வழியே எவர் சோற்றில் கைவைக்கின்றது என்று பார்க்கப் பழகுவோம்.

நாம் கேட்க வேண்டுவன யாவை? முதலாவது, மலையகத்திலாயினும் தமிழ்நாட்டிலாயினும் உழைப்பாளியின் கூலி, பணத்தாளின் எண்ணால் மட்டும் வரையறுக்கப்படலாகாது. அரிசி, மாவு, எண்ணெய் ஆகியவற்றின் விலையோடு தானே உயருமாறு அது பிணைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற கூலியை மூன்றே திங்களில் மாற்று விலை விழுங்கிவிடுமாயின் அப்போராட்டம் எதற்கு? இரண்டாவது, மக்களையோ அவர்தம் உடைமையையோ பற்றி இரண்டு அரசுகள் உடன்படிக்கை செய்யுங்கால், தொகை எந்நாட்டுப் பணத்தில், எந்நாள் விலையில் என்பதையும், விலை வீழ்ந்தால் இழப்பு யாருடையது என்பதையும் எழுத்தில் எழுதியாகவேண்டும். 1964இல் எழுதாது விட்ட ஒரு வரியின் விலையைப் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் கட்டின. மூன்றாவது, என் வகுப்புத் தோழன் கேட்ட கேள்வி. இலங்கையின் காசில், விற்றோரியா அரசியின் உருவம் பொறித்த செப்புச் சதத்தின் காலந்தொட்டே தமிழ் இருக்கின்றது. இந்தியப் பணத்தாளில் தமிழ் ஒரு மூலையில் பொடியெழுத்தில் உள்ளது. வழக்கமான இந்தியக் காசில் அதுவும் இல்லை. தமிழனின் உழைப்பு செல்லும் நாட்டில் தமிழனின் எழுத்தும் காசில் செல்லட்டும்.

நான்காவது, நம் கையில் இருப்பது; எவரிடமும் இரக்க வேண்டாதது. மலையகத்திலிருந்து திரும்பியோர் நம் வட்டங்களில் இன்னும் வாழ்கின்றனர். அவருள் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் வீட்டுப் பரண்மேல் பழைய சேமவைப்பு ஏடுகளும், தோட்டத்துக் கணக்குத் துண்டுகளும், மண்டபம் முகாமில் வாங்கிய தாள்களும் கிடக்கக்கூடும். இதனைப் படிக்கும் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் அவர்களிடம் செல்லுங்கள். எவ்வாண்டு வந்தீர்கள், எவ்வளவு கொண்டுவந்தீர்கள், இங்கே எவ்வளவாயிற்று என்று கேட்டு எழுதி வையுங்கள். மன்னர் வென்ற ஈழத்தைக் கல்வெட்டு காத்தது. உழைப்பாளி இழந்த ஈழத்துக் கூலியைக் காக்கக் கல்வெட்டில்லை. நம் எழுதுகோலே உண்டு.

என் தோழன் அந்தக் காசை என்ன செய்தான் என்று கேட்பீராயின், கூறுகின்றேன். கடைக்காரர் மறுத்த பின் அவன் அதைத் தூக்கி எறியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். அன்று தமிழாசிரியர் வந்ததும் எழுந்து நின்று அதனை அவரிடம் நீட்டினான். அவர் அதிலிருந்த தமிழை உரக்கப் படித்தார். பின்னர், “இது செல்லாக் காசில்லை; இதற்குரிய விலையை நாம்தான் இன்னும் தரவில்லை” என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவ்விலை இன்னும் நிலுவையில் உள்ளது.